எழுதுறதுக்கு ஒரு அனுமதி, ஓட்டுறதுக்கு ஒரு அனுமதி

பதிவுலகத்துல பொட்டி தட்டுறவங்க நிறைய பேர் இருக்கீங்கங்கற தைரியத்துல இந்த மேட்டரை எழுதறேன். மத்தவங்க பயந்து ஓடிடாதீங்க. தறி தெரிஞ்சவங்களுக்கு நல்லாவே புரியும்.

கம்ப்யூட்டர் மெமரியை கெர்னல் சின்னச் சின்ன பக்கங்களா பிரிச்சு வெச்சிருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் 4096 பைட். பக்கத்துக்குப் பக்கம் மூணு அனுமதி: படிக்கலாமா, எழுதலாமா, உள்ள இருக்கறதைக் கட்டளையா எடுத்து ஓட்டலாமா. என் கட்சி இதுதான்: எழுதவும் ஓட்டவும் சேர்த்து ஒரே பக்கத்துக்கு கெர்னல் அனுமதி தரவே கூடாது. புரோகிராமர் கெஞ்சினாலும் சரி.

எங்க செவிலிமேட்டுப் பக்கம் வந்தா ஜக்கார்டு தறியைப் பாருங்க. டிசைன் முழுக்க ஓட்டை போட்ட அட்டையில இருக்கும். ஓட்டை இருந்தா அதுக்கான பாவு நூல் தூக்கும், இல்லேன்னா தூக்காது. அட்டை அடிக்கிறவர் ஒருத்தர், நெய்யறவர் இன்னொருத்தர். ஓடற தறியில யாரும் ஓட்டை போட மாட்டாங்க. தப்பு இருந்தா தறியை நிறுத்தி, அட்டையைக் கழட்டித்தான் மாத்தணும். இப்ப ஊடை நூலோட எவனோ ஒரு அட்டையையும் செருகி அனுப்பி, தறி அதையும் டிசைன்னு நம்பி நெய்ய ஆரம்பிச்சா? முந்தானையில அன்னம் வருமா வேற ஏதாவது வருமா, அவன் இஷ்டம்!

1988 நவம்பர்ல மாரிஸ் வார்ம் செஞ்ச வேலைகள்ல ஒண்ணு இதுதான். ஃபிங்கர்னு ஒரு சர்வீஸ், 512 பைட் இடம் வெச்சிருந்தது. வார்ம் அதுக்கு மேல அனுப்பிச்சு. வழிஞ்சு ஸ்டாக்ல போய் உக்காந்ததை வாக்ஸ் மெஷின் கட்டளைன்னு நெனச்சு ஓட்டிடுச்சு.

இதுல கொடுமை என்னன்னா, 1985ல வந்த இன்டெல் 386ல பக்கத்துக்கு எழுதற அனுமதிக்கு பிட் உண்டு, ஓட்டற அனுமதிக்குன்னு தனி பிட்டே கிடையாது. 2003ல ஏஎம்டியோட 64 பிட் சிப்புலதான் வந்தது. 2004ல எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சது.

நம்ம சென்னை ஐஐடியோட சக்தி சிப் ரிஸ்க்-ஃபைவ் வகை. அந்த வகையில மூணுக்கும் தனித்தனி பிட் இருக்கு, சந்தோஷம். ஆனா அடிப்படை விதியைப் படிச்சா சிரிப்பு வருது. படிக்க முடியாம எழுத மட்டும் முடியற பக்கம் செல்லாதாம். மூணும் சேர்ந்த பக்கம் மட்டும் தாராளமா செல்லுமாம்! அதாவது ஹார்டுவேர் தடுக்காது, கெர்னல்தான் தடுக்கணும்.

லினக்ஸ் தன் சொந்த கோடுக்கு இதுல கறாரா இருக்கு. ஆனா சாதாரண புரோகிராம் ஒண்ணு எம்ப்ரொடெக்ட் வழியா ரெண்டையும் சேர்த்துக் கேட்டா, எஸ்இலினக்ஸ் மாதிரி எதுவும் குறுக்க நிக்கலேன்னா, எடுத்துக்கோன்னு குடுத்துடும். தன் வீட்டுக்கு ரெண்டு பூட்டு, ஊருக்கு ஒண்ணுமில்ல. ஓப்பன்பிஎஸ்டி 2016லயே 6.0 பதிப்புல மாட்டேன்னு சொல்லிடுச்சு. வேணும்னா அந்த புரோகிராம்ல தனியா முத்திரை வேணும், அது இருக்கற பார்ட்டிஷனும் அதுக்கு சம்மதிக்கணும். இதுதான் சரின்னு நான் நெனைக்கிறேன்.

“ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் ஓடும்போதே கோடு எழுதுமே, அதை என்ன பண்றது?”ம்பாங்க. நியாயமான கேள்வி. 2020ல வந்த ஆப்பிள் எம்1ல, ஒரு த்ரெட் அந்தப் பக்கத்துல எழுதற வரைக்கும் அதே த்ரெட் அதை ஓட்ட முடியாது. எழுதி முடிச்சு அனுமதியை மாத்திக்கணும். பிரவுசர் ஒண்ணும் படுத்துக்கலையே?

இது மட்டும் போதும்னு நான் சொல்ல வரல. இருக்கற கோடையே துண்டு துண்டா கோத்து ஓட்டற வித்தையை 2007ல ஷாச்சம் விரிவா எழுதிட்டார். அதாவது புது அட்டை செருகாம, இருக்கற அட்டைகளையே வரிசை மாத்திக் கோக்கற வேலை. அதுக்கு ஷேடோ ஸ்டாக்னு ஒண்ணு இருக்கு. ரிஸ்க்-ஃபைவ்ல அதை எப்படிக் குறிக்கிறாங்க தெரியுமா? மேல சொன்னேனே, எழுத மட்டும் அனுமதி, செல்லாதுன்னு ஒதுக்கி வெச்சது, அதே பிட் கூட்டணியை வெச்சுத்தான் :-)