ரிஸ்பாளின் காவல்



2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் ரிஸ்பாள் என்றொரு தாய் வருகிறாள். தாவீது அரசன் கையளித்த ஏழு பேரும் கொல்லப்பட்டார்கள். இருவர் அவளுடைய பிள்ளைகள். ஐவர் வேறொரு தாயின் பிள்ளைகள். இரட்டுத் துணியைப் பாறையில் விரித்து, அறுவடை தொடக்கம் மழை பெய்யும் வரை, பறவைகளும் மிருகங்களும் அண்டாமல் ஏழு உடல்களையும் காத்தாள்.

அவள் வாய்விட்டுச் செபித்ததாக வேதம் சொல்லவில்லை. ஆனாலும் அரசன் அதைக் கேள்விப்பட்டு, எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்வித்தான். அதன் பின்னரே நாட்டுக்கான மன்றாட்டைக் கடவுள் கேட்டருளினார்.

செபிக்க வார்த்தை வராத நாட்கள் நமக்கும் உண்டு. அந்த நாட்களில் விளக்கை மட்டும் ஏற்றுங்கள். காணாமற்போன உங்கள் பிள்ளையின் பெயரோடு, அயல்வீட்டுத் தாயின் பிள்ளையின் பெயரையும் சொல்லுங்கள். அவள் எந்த மதத்தவளானாலும் சரி.