வெள்ளையடிக்கலாம் வாங்க! ஆனா ஜன்னலைச் சுரண்டாதீங்க!



பொங்கல் லீவில் நீங்கள் எல்லாம் என்ன செய்தீர்கள்? நான் எங்க வீட்டுப் பின்னறைக்கு வெள்ளையடித்தேன். நம்பலைன்னா என் கையைப் பாருங்க, விரல் இடுக்கில் சுண்ணாம்பு தின்ற புண் இன்னும் ஆறலை.

வருஷா வருஷம் ஆள் வைத்துத்தான் அடிப்போம். இந்தத் தடவை அப்பா, "கூலி கட்டாது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டார். "நானே அடிக்கிறேம்ப்பா"ன்னு நான் சொன்னதும் அத்தைக்குக் கோபம். "வயசுப் பொண்ணு ஏணியில ஏறலாமா? பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார். வீட்டுக்குள்ளே இருக்கிற அறையை யார் வந்து பார்க்கப் போறாங்களோ! அம்மாதான் ஒண்ணும் பேசாமல் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் வெப்பம் வெளிப்படும் என்று பரீட்சையில் எழுதி 2 மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் பானை தளதளன்னு கொதித்து, ஆவி முகத்தில் அடித்தபோதுதான் அது என்னன்னு தெரிந்தது. கண்ணில் தெறித்தால் ஆபத்து என்று அப்பாவின் பழைய கூலிங்கிளாசை மாட்டிக்கொண்டேன். கணக்கும் போட்டேன். அறை 10 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி. நாலு சுவரும் சேர்ந்து 360 சதுர அடி. கதவு 21, ஜன்னல் 12 போக மிச்சம் 327. அடித்த அன்றைக்குச் சுவர் திட்டுத்திட்டாக இருந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூணாம் நாள் பார்த்தால் பளிச்! சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக மாற அத்தனை நேரம் பிடிக்குது.

இதுவரைக்கும் சொன்னது பெருமை. இனிமே சொல்லப்போவது பெருமை இல்லை.

அந்த அறை ஜன்னலுக்குத் தாத்தா காலத்துப் பச்சை பெயிண்ட். பொருக்குப் பொருக்காக உரிந்து தொங்கியது. அதையும் புதுசாக்கலாம்னு உப்புத்தாளை வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தேன். தரையெல்லாம் பச்சைத் தூள். என் 2 வயசுத் தம்பி கீழே உட்கார்ந்து அதை அள்ளி விளையாடினான். கையை வாயிலும் வைத்தான். "பாரும்மா, கிளி மாதிரி இருக்கான்"னு சொல்லி நான் சிரித்தேன். அம்மா விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினார்.

பள்ளி திறந்த பிறகு அறிவியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். டீச்சர் சிரிக்கவில்லை. பழைய எண்ணெய் பெயிண்டில், அதுவும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், காரீயம் இருந்திருக்கலாம் என்றார். (ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வேற, அது வெள்ளீயம்.) காரீயம் உடம்புக்குள் போனால் கால்சியம் மாதிரியே எலும்பில் போய்த் தங்கிவிடும். பெரியவங்களை விட சின்னக் குழந்தைகள் உடம்பு அதை 4, 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு சொல்ல ஒரு அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்று நம் நாட்டில் 2016-ல் விதி வந்தது. 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்க ஜன்னல் பெயிண்ட் அதற்கு ரொம்ப முந்தியது.

"இதுக்குத்தான் ஆள் வைக்கணும்ங்கிறது" என்று அத்தை ஆரம்பித்தார். இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. போன வருஷம் வந்த பெயிண்டர் அண்ணன் முன்னறைக் கதவை எப்படித் தேய்த்தார்? காய்ந்த உப்புத்தாளால்தான், மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு. நான் ஒரு நாள் முகர்ந்ததை அவர் தினமும் முகர்கிறார். சாயங்காலம் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையைத் தூக்குவார். கூலி கொடுத்துவிட்டால் தூசி இல்லாமல் போய்விடுமா? அது வேற வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

அதனால் நம்ம அறையை நாமே அடிக்கலாம் என்றுதான் இப்பவும் சொல்வேன். சுண்ணாம்பை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், பொண்ணுங்களும்தான்! ஆனால் பழைய எண்ணெய் பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருந்தால் அதைத் தொடாதீங்க, மேலேயே புதுசை அடித்துவிடுங்க. உரிந்திருந்தால் தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு வாட்டர் பேப்பரால் தேய்க்கணும். காய விடவே கூடாது. நெருப்பு காட்டி உரிப்பது அதைவிட மோசம். குழந்தைகளை வெளியே அனுப்பிடுங்க. விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணியால் துடைங்க. வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் சாப்பாடு. பெயிண்டர் அண்ணன் வந்தால் அவரிடமும் இதைச் சொல்லி, ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக் கொடுங்க.

அம்மா தம்பியை டாக்டரிடம் கூட்டிப் போனார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், முடிவு இன்னும் வரலை. ஜன்னலில் கீழ்ப்பாதி அப்படியே பச்சையாக இருக்கு. சனிக்கிழமை தம்பியைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, வாளியும் வாட்டர் பேப்பருமாக நானும் அம்மாவும் உட்காரப் போகிறோம்.

— 10-ம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி