'ரீகண்டிஷன்': ஒரு சொல், மூன்று பொருள்



ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் இருந்தால் வகுப்பறையில் அதனை விளக்கிச் சொல்லிவிடலாம். ஆனால், எந்தப் பொருளில் சொல்கிறோம் என்பதை விளக்காமலேயே அந்தச் சொல்லைக் காட்டிப் பல ஆயிரம் வெள்ளியைக் கைமாற்றிக்கொள்ளும் இடமும் உண்டு. பழைய டீசல் பிக்கப் வண்டிகளின் சந்தைதான் அது. அந்தச் சொல் 'ரீகண்டிஷன்'.

தமிழாசிரியருக்கு வண்டிச் சந்தையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பெற்றோர்களில் பலர் புல் வெட்டும் குத்தகை எடுத்தவர்கள். செம்பனைக் குலை ஏற்றுபவர்கள். பழைய இரும்பு வாங்கி விற்பவர்கள். புதிய வண்டி வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. சேமிப்பை எடுத்தோ நகையை அடகு வைத்தோ பழைய ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ் என்று ஒன்றை வாங்குகிறார்கள். அந்த வண்டி மூன்று மாதத்தில் படுத்துவிட்டால் வீட்டின் வருமானமும் சேர்ந்து படுத்துவிடுகிறது. அதன் விளைவை வகுப்பறையில் பிள்ளைகளின் முகத்தில் நாங்கள் பார்க்கிறோம்.

இயந்திரம் புதுப்பிக்கப்பட்ட வண்டியை வாங்கவே கூடாது என்பது என் கருத்தன்று. நன்றாகப் புதுப்பித்த இயந்திரம், தேய்ந்துபோன மூல இயந்திரத்தைவிட மேலானது. எந்தப் 'புதுப்பித்தல்' என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதே நான் வலியுறுத்துவது.

சந்தையில் இச்சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு.

முதலாவது, உண்மையான புதுப்பித்தல். இயந்திரத்தை முழுவதும் பிரித்து, சிலிண்டர்களின் தேய்மானத்தை அளந்து, தேவையானால் கடைந்து, பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் ஆகியவற்றை மாற்றி, ஹெட்டைச் சமன் செய்து மீண்டும் பூட்டுவது. இதைச் செய்த பட்டறையிடம் ஒவ்வொரு பாகத்துக்கும் பற்றுச்சீட்டு இருக்கும்.

இரண்டாவது, 'ஹாஃப் கட்'. ஜப்பானில் கழித்துவிடப்பட்ட வண்டியின் முன்பாதியை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து, அதிலிருந்து எடுத்துப் பூட்டும் இயந்திரம் இது. எடுத்துக்காட்டாக, மிட்சுபிஷியின் 4டி56 இயந்திரம் பஜேரோவிலும் டெலிக்காவிலும் ஓடியது. இப்படி வருவது நல்ல இயந்திரமாகவே இருக்கலாம். ஆனால், அதை யாரும் புதுப்பிக்கவில்லை. அது இன்னொரு பழைய இயந்திரம், அவ்வளவுதான். அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை உங்கள் வண்டியின் மீட்டர் காட்டாது.

மூன்றாவது, வெளியே கழுவி எண்ணெய்க் கறையைப் போக்கி, வெள்ளி நிறச் சாயம் பூசியது. இதற்கும் அதே பெயர்தான்!

டீசல் வண்டியில் இந்த வேறுபாடு மிக முக்கியம். பெட்ரோல் இயந்திரத்தைப் போல் இதில் தீப்பொறி கிடையாது. உள்ளிழுத்த காற்றை ஏறத்தாழ 16 முதல் 22 மடங்கு வரை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறார்கள். சிலிண்டரும் ரிங்கும் தேய்ந்து அழுத்தம் குறைந்தால் காலையில் வண்டி எளிதில் உயிர் பெறாது, புகை கக்கும். 'காமன் ரயில்' வகை வண்டிகளில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. அந்த இன்ஜெக்டர்களும் பம்பும் டர்போவும் விலை மிகுந்தவை. "இன்ஜின் செஞ்சாச்சு" என்று சொல்பவர் பல வேளைகளில் இவற்றைத் தொட்டிருக்கவே மாட்டார். ஆகவே இவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் மாடு வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், நடக்கவிட்டும் பார்த்தார்கள். வண்டிக்கும் அப்படிப்பட்ட சோதனைகள் உண்டு. இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் சென்று, முடுக்கும் முன்பே அதன்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ முடுக்கி வைத்திருக்கிறார்கள். முடுக்கியபின் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. நிற்காத வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் கசிகிறது அல்லது டீசல் முழுமையாக எரியவில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. நீங்கள் நம்பும் மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வது இன்னும் நல்லது.

அடுத்தது ஆவணம். இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் அதைப் பதிவு செய்ய வேண்டும். இயந்திரத்தில் பொறித்திருக்கும் எண்ணும் 'கிராண்ட்' எனப்படும் உரிமைச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். வேறுபட்டால் பெயர் மாற்றத்திற்கான ஆய்விலேயே வண்டி நின்றுவிடும். அந்த ஆய்வில் தேறிவிட்டது என்பதற்காக இயந்திரம் நலமாக இருக்கிறது என்றும் பொருளன்று. அது இயந்திரத்தின் ஆயுளுக்கு யாரும் தரும் உத்தரவாதமன்று.

டீசல் விலையையும் எண்ணிப் பாருங்கள். 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசானது. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தந்தால் 200 லிட்டர் வேண்டும். தேய்ந்த இயந்திரம் 8 கிலோமீட்டர்தான் தருகிறது என்றால் 250 லிட்டர் வேண்டும். அந்த விலையில் மாதந்தோறும் 167 வெள்ளி 50 காசு புகையாகப் போகிறது. அரசாங்கம் அப்போது தகுதி பெற்றவர்களுக்கு அறிவித்த மாத உதவித்தொகையே 200 வெள்ளிதான்!

"எழுதிக் கேட்டால் வியாபாரி கோபித்துக்கொள்வாரே" என்று பலர் தயங்குகிறார்கள். விற்பவர் தெரிந்தவராகவோ 'நம்ம ஆளாகவோ' இருந்துவிட்டால் தயக்கம் இன்னும் கூடிவிடுகிறது. அண்ணன், மாமா என்று அழைத்துப் பேசிய பிறகு தாளை நீட்டுவது அவமதிப்பு என்று எண்ணுகிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை. என்னென்ன பாகம் மாற்றப்பட்டது, எந்தப் பட்டறையில், எந்த நாளில், எத்தனை மாத உத்தரவாதம் என்று நான்கு வரி எழுதி ஒப்பமிட, உண்மையாக வேலை செய்தவருக்கு என்ன தடை? எழுத மறுப்பதே நமக்குக் கிடைக்கும் பதில்.

நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயமும் இருக்கிறது. 2019-இல் அதன் வரம்பு 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஆனால், வாய்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே போய் என்ன காட்டுவது?

பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத் தருகிறோம்; அவர்களின் பெற்றோரோ எழுத்தே இல்லாமல் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டி பார்க்கப் போகும்போது வீட்டில் படிக்கும் பிள்ளையையும் ஒரு குறிப்பேட்டோடு அழைத்துச் செல்லுங்கள். இயந்திர எண்ணை அந்தப் பிள்ளையே படித்து எழுதட்டும்.