மந்திரம் அல்ல, மின்காந்தம்!

மேடை ஏறுகிறோம். ஒலிவாங்கியின் முன் நின்று, "மூடநம்பிக்கையை முறியடிப்போம்!" என்று முழங்குகிறோம். முழக்கம் மூலைமுடுக்கெல்லாம் ஒலிக்கிறது. கைதட்டல் வானைப் பிளக்கிறது. இறங்கி வரும் நம்மை ஒரு சிறுவன் மறித்து, "இங்கே பேசிய பேச்சு அந்தக் குழாய்க்குள் எப்படிப் போயிற்று?" என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை பகர்வோம்?

"எல்லாம் கரண்ட் செய்கிற வேலை, தம்பி!" என்போம். மந்திரவாதி, "எல்லாம் மாயம்" என்கிறான். நாம், "எல்லாம் கரண்ட்" என்கிறோம். சொல் மாறியது, அறியாமை மாறிற்றா, தோழர்களே?

உண்மை எளிது. 1820ஆம் ஆண்டில், கோபன்ஹேகன் நகரத்து ஆசிரியர் எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பி அருகிலிருந்த காந்த ஊசியைத் திருப்பக் கண்டார். 1831இல், இலண்டனில் மைக்கேல் ஃபாரடே அதன் மறுபாதியைக் கண்டார்: கம்பிச்சுருளருகே காந்தம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது! யார் இந்த ஃபாரடே? கொல்லன் மகன். புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். கட்டுவதற்கு வந்த ஏடுகளைப் படித்தே அறிவு வளர்த்தவர்!

இவ்விரு உண்மைகளும் ஈன்ற பிள்ளைகளே நம் மேடைக் கருவிகள். மேடைகளில் பெரிதும் பயன்படும் ஒலிவாங்கியைத் திறந்து பாருங்கள். மெல்லிய தகடு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், அருகே நிலைக்காந்தம். பேச்சால் காற்று அதிர்கிறது. காற்றால் தகடு அதிர்கிறது. தகட்டோடு சுருள் அசைகிறது. குரலின் ஏற்ற இறக்கத்தை அப்படியே ஏந்திய மின்னோட்டம் பிறக்கிறது. அது மிக நலிந்தது. இடையே உள்ள ஆம்ப்ளிஃபையர் அதற்கு வலிவூட்டி அனுப்புகிறது.

ஒலிபெருக்கியில் இருப்பதென்ன? அங்கும் சுருள், அங்கும் காந்தம்! வந்த மின்னோட்டம் சுருளை முன்னும் பின்னும் தள்ள, அதனோடு ஒட்டிய கூம்போ தகடோ காற்றை அதிர்விக்கிறது. குரல் நொடிக்கு 200 முறை அதிர்ந்தால், அதுவும் 200 முறை அதிரும். பெயர் ஒலிபெருக்கி, பெருக்கும் பணியோ ஆம்ப்ளிஃபையருடையது! இன்னும் கேளுங்கள்: சிறிய ஒலிபெருக்கி ஒன்றை ஒலிவாங்கியின் இடத்தில் இணைத்து அதன் முன் பேசினால், அதுவே ஒலிவாங்கியாகும். வாயே செவியாகும் விந்தை இது; ஆனால் விளங்கக்கூடிய விந்தை!

"இதெல்லாம் பாடநூலில் இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது. ஃபிளெமிங்கின் இடக்கை விதியை மாணவன் வலக்கையால் எழுதி முழு மதிப்பெண் பெறுகிறான். அவன் கை காந்தத்தைத் தொட்டதுண்டா? சுருளைச் சுற்றியதுண்டா? பொருள் அறியாமல் ஓதுவதை மந்திரம் என்று எள்ளி நகையாடும் நாம், பொருள் அறியாமல் ஒப்பிப்பதைக் கல்வி என்று எப்படிக் கொண்டாடுவது?

ஆய்வுக்கூடம் இல்லை, பணம் இல்லை என்று சாக்குச் சொல்ல வேண்டாம். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் கூம்பு கிழிந்த ஒலிபெருக்கி கிடைக்கும். ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்று போதும். கம்பிகளை ஒரு கணம் தொடுங்கள்; 'டக்' என்று கூம்பு ஒருபுறம் துள்ளும். கம்பிகளை மாற்றித் தொடுங்கள், மறுபுறம் துள்ளும். பிறகு, "ஏன்?" என்று மாணவனைக் கேளுங்கள். விடையை நாம் சொல்ல வேண்டாம், அவன் தேடட்டும்!

ஊருக்கு ஒரு படிப்பகம் கண்டோம். அங்கே, ஏடுகளுக்கு அருகில், ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளும் இடம் பெறட்டும். பகுத்தறிவைக் கையால் தொட்டறியும் தலைமுறை அங்கிருந்து எழட்டும்!