நட்சத்திரங்கள் எண்ணாத விருந்தினர்கள்

ஐதராபாத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நாச்சாரம், ஆலைகள் நிறைந்த தொழிற்பேட்டை. அங்கே இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உண்டு. வேலை தேடி வருபவரும், சிகிச்சை பெறும் தொழிலாளியைக் கவனித்துக்கொள்ள ஊரிலிருந்து வரும் உறவினரும் தங்குமிடத்தில் எதிர்பார்ப்பவை சிலவே: கட்டுப்படியாகும் வாடகை, உறுதியான தாழ்ப்பாள், சுத்தமான கழிப்பறை, குடிநீர், நடந்து செல்லும் தூரம்.

ஓட்டல்களுக்கு நட்சத்திரத் தகுதி வழங்குவது ஒன்றிய சுற்றுலா அமைச்சகம். உரிமையாளர் விரும்பி விண்ணப்பித்தால், அதன் வகைப்படுத்தும் குழு ஆய்வு செய்து ஐந்தாண்டுகளுக்குத் தகுதியளிக்கிறது. சுகாதாரம், தீப்பாதுகாப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான அறை ஆகியவையும் அதன் பட்டியலில் உள்ளன, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நட்சத்திரத்திலிருந்து ஐந்து நட்சத்திரத்துக்கு உயர்த்துபவை அறையின் பரப்பும், நீச்சல் குளமும், உடற்பயிற்சிக் கூடமும் போன்ற வசதிகளே. வாடகை எவருக்குக் கட்டுப்படியாகும் என்பதும், அறையைத் துடைக்கும் தொழிலாளிக்கு என்ன ஊதியம் என்பதும் நட்சத்திரத்தை நிர்ணயிப்பதில்லை. மேலும், விண்ணப்பிப்பது கட்டாயமல்ல என்பதால், ஏழைகள் தங்கும் சிறு லாட்ஜுகள் இந்த ஆய்வின் எல்லைக்குள் வருவதே இல்லை. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ, அவர்களே விடுபட்டுப்போகிறார்கள்.

வரிக் கொள்கையும் இதே திசையில்தான் சென்றது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது நாளொன்றுக்கு ரூ.1,000க்குக் குறைவான அறைகளுக்கு வரிவிலக்கு இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அதை நீக்கி 12 சதவீத வரி விதித்தது மோடி அரசு. 2025 செப்டம்பரில் வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் விலக்கு திரும்பவில்லை. இன்று ரூ.800 அறைக்கும் ரூ.7,500 அறைக்கும் ஒரே விகிதம். 2017இல் முன்னதற்கு வரியே இல்லை. பின்னதற்கு 18 சதவீதத்துக்குக் குறையவில்லை. சலுகை யாருக்குக் கிடைத்தது என்பதை இக்கணக்கே சொல்லும்.

எளிய மக்களின் தங்குமிடத்தைச் சந்தையின் கருணைக்கு விட்டுவிட வேண்டியதில்லை. பணிபுரியும் மகளிருக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் அதற்குச் சான்று. ஊதியத்தில் 0.75 சதவீதத்தை இ.எஸ்.ஐ.க்குச் செலுத்தும் தொழிலாளியின் குடும்பத்துக்கு, மருத்துவமனை அருகே தங்குமிடம் சலுகையல்ல, உரிமை. குறைந்த வாடகை அறைகளுக்கு வரிவிலக்கை மீட்பதும், எல்லாத் தங்கும் விடுதிகளுக்கும் குறைந்தபட்சச் சுகாதார, பாதுகாப்புத் தரத்தைக் கட்டாயமாக்குவதும் உடனடிக் கோரிக்கைகளாக வேண்டும். தொழிற்சங்கங்கள் இவற்றை ஆலை வாயில்களுக்குக் கொண்டு செல்லட்டும்!