தழும்பின் நீளமும் தாமதத்தின் நீளமும்

அமாவாசையன்று திருவள்ளூருக்கு வருகிறவர்களில் பலர் ஏதேனும் ஒரு வியாதியைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். வீரராகவப் பெருமாளுக்கு இங்கே வைத்தியர் என்றே பெயர். திருக்குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் நோயும் அவ்வாறே கரையும் என்பது ஜனங்களின் நம்பிக்கை.

சென்ற அமாவாசையன்று குளத்துக்குப் போகும் தெருவில் ஒரு வாலிபன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தான். அருகில் வந்ததும் அடையாளம் தெரிந்தது. பத்து வருஷத்துக்கு முன் என் வகுப்பில் கடைசிப் பெஞ்சியில் இருந்தவன். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில், ஒப்பந்தக் கூலியாகக் கம்பிக் கட்டுகளைத் தூக்குகிறான்.

"ஸார், டிஸ்க் நழுவிவிட்டதாம். இடுப்பிலிருந்து கால் விரல்வரை மின்சாரம் பாய்கிற மாதிரி இழுக்கிறது. ஏழு வாரமாகிறது. ஆபரேஷன் என்கிறார்கள். எந்த ஆபரேஷன் என்றுதான் விளங்கவில்லை" என்று மூன்று விளம்பரத் தாள்களை நீட்டினான். ஒன்றில் மைக்ரோஸ்கோப், ஒன்றில் குழாய், மற்றொன்றில் எண்டாஸ்கோப். தழும்பு சிறுக்கச் சிறுக்கப் பணம் பெருத்துக்கொண்டு போயிற்று. மனைவியின் வளையல்கள் ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போய்விட்டன.

நான் வைத்தியனல்ல, படித்துச் சொல்லுகிறவன். அவனுக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

டிஸ்க் என்பது நழுவும் பண்டமல்ல. இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே கொழுக்கட்டை போல இருப்பது அது. வெளியே உறுதியான வளையம். உள்ளே மெதுவான பூரணம். பூரணம் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்தினால், கோளாறு இடுப்பிலும் வலி காலிலுமாக இருக்கும். கோயமுத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 181 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். வளையம் நடுவில் கிழிவதைவிட, அது எலும்போடு ஒட்டியிருக்கும் ஓரத்தில் பிய்ந்துகொள்வதே அதிகம் என்பது அது. உலகம் மதித்த ஆராய்ச்சி நம் ஊரில் நடந்ததென்பதில் நமக்குப் பெருமை உண்டு.

பிதுங்கிய துண்டை ரண சிகிச்சையால் எடுத்தால் கால்வலி தீரும் என்பதை 1934-இல் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டரும் பாரும் உலகறியச் செய்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வாசலைச் சிறிதாக்கும் முயற்சியே. 1960-களில் லைமன் ஸ்மித் என்பவர் கத்தியே வேண்டாமென்று, பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த மருந்தை டிஸ்க்குக்குள் செலுத்தினார். சிலருக்குக் கடும் ஒவ்வாமை முதலிய விபரீதங்கள் நேரவே, பிற்காலத்தில் அது கைவிடப்பட்டது. 1977-இல் ஜூரிச்சில் யாசர்கிலும் ஜெர்மனியில் காஸ்பரும் மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டில் காரியத்தை முடிக்கும் முறையை வெளியிட்டார்கள். 1997-இல் அமெரிக்காவில் ஃபோலியும் ஸ்மித்தும் தசையை அறுக்காமல் விலக்கிக் குழாயைச் செலுத்தினார்கள். எண்டாஸ்கோப்போ பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த துவாரத்தின் வழியே போகிறது. பெரும்பாலும் நோயாளியை முழுவதும் மயக்கவும் வேண்டுவதில்லை.

இம்மூன்றில் எது சிறந்தது? ஹாலந்து தேசத்தார் 328 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்த்து, 2009-இல் முடிவைச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்துக் குழாய் முறை மைக்ரோஸ்கோப்பை வெல்லவில்லை. கால்வலியிலும் முதுகுவலியிலும் சிறிது பின்தங்கியே இருந்தது. 2022-இல் அதே தேசத்தார் 613 பேரிடம் பக்கவாட்டு எண்டாஸ்கோப்பைச் சோதித்தார்கள். கால்வலியைத் தீர்ப்பதில் அது மைக்ரோஸ்கோப்புக்குத் தாழ்ந்ததல்ல என்று கண்டார்கள். ஆயினும் அதில் கை பழகுவதற்கு நாளாகும். இடுப்பெலும்பு உயரமாக இருப்பவர்களுக்குக் கடைசி டிஸ்க்கைப் பக்கவாட்டிலிருந்து எட்டுவது கடினம். எடுத்த இடத்திலேயே மறுபடி பிதுங்கும் அபாயம் எம்முறையிலும் உண்டு. ஆகவே கருவியைப் பார்ப்பதைவிட, அக்கருவியில் தேர்ந்த கையைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

எல்லோருக்கும் கத்தி வேண்டுமா என்றால், வேண்டாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணியும். 2007-இல் வெளிவந்த மற்றொரு ஹாலந்து ஆராய்ச்சியில் கடும் கால்வலியுள்ள 283 பேரில் ஒரு பாதிக்கு உடனே சிகிச்சை. மறு பாதியைக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் பின்னால் கத்திக்குப் போக வேண்டியிருந்தது. உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. வருஷ முடிவிலோ இரு சாராரிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள்.

இதைக் கேட்டதும் அவன் முகம் தெளிந்தது. "அப்படியானால் நானும் காத்திருக்கிறேன், ஸார். லீவு கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்" என்று எழுந்தான். இரண்டடி வைப்பதற்குள் இடது செருப்பு கழன்று பின்தங்கிவிட்டது. குனிய முடியாமல் காலாலேயே துழாவினான்.

"கட்டை விரலை மேலே தூக்கு, அப்பா."

வலது விரல் எழுந்தது. இடது விரல் எழவில்லை.

"எத்தனை நாளாக?"

"இரண்டு வாரமாகச் செருப்பு நிற்கவில்லை, ஸார். பழைய செருப்புதானே என்று விட்டுவிட்டேன்."

நான் சொன்ன கணக்கெல்லாம் வலி மட்டும் உள்ளவர்களுக்கு. நரம்பு தளரத் தொடங்கியவனுக்கு அது பொருந்தாது. மூத்திரம் அடைபட்டாலோ, தன்னையறியாமல் கழிந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கால் வலுக் குறைந்தாலும் நாளைக் கடத்தலாகாது.

அன்று மத்தியானமே இருவரும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போனோம். வேலூரில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தியும் நரம்பு ரண சிகிச்சைக்கு அஸ்திவாரமிட்ட ராஜ்யம் இது. ஏழைக்கும் இங்கே வாசல் திறந்திருக்கிறது. ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், அதே வாரம், மைக்ரோஸ்கோப் முறையில் செய்தார்கள். வளையல்களுக்கு மேல் இன்னொன்று அடகு போகவில்லை.

கால்வலி மறுநாளே விட்டது. கட்டை விரல் மட்டும் இன்னும் பாதிதான் எழுகிறது. மீதியும் எழுமா என்பதை வரும் மாதங்கள் சொல்லும். தழும்பு என் சுண்டு விரலின் பாதி நீளம் இருக்கும், சட்டைக்குள் மறைந்துவிடுகிறது. செருப்பை ஒரு பொருட்டாக நினையாமல் விட்ட அந்த இரண்டு வாரந்தான் மறையவில்லை.