பெட் ஸ்கேன் 'க்ளியர்' என்றால் கழுத்தும் க்ளியரா?

போன வாரம் பத்மாராவ் நகர் நண்பர் வீட்டில் ஒரே வாக்குவாதம். சிகிச்சைக்காக ஊரிலிருந்து வந்திருக்கும் அவர் மாமனாருக்கு நாக்கு ஓரத்தில் புற்றுநோய். ஆரம்ப நிலைதான். பெட் ஸ்கேனில் கழுத்தில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் சர்ஜன், நாக்கோடு சேர்த்துக் கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கணும் என்கிறார்.

"அப்புறம் எதுக்கு ஸ்கேன்? பில் ஏத்தப் பாக்கறாங்க" என்று சென்னையிலிருந்து மச்சினன் போனில் சத்தம். மாமியார் ஒரே அழுகை.

நான் சர்ஜன் கட்சி. காரணம் இருக்கிறது.

பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போடுகிறார்கள். புற்றுசெல்கள் அதை அதிகம் தின்பதால் படத்தில் பளிச்சிடும். ஆனால் ஓரிரு மில்லிமீட்டர் அளவே பரவியிருந்தால் படத்தில் விழாது. சொத்தைப்பல்லால் நெறி கட்டினாலும், டி.பி. இருந்தாலும் அதுவும் பளிச்சிடும்! ஆக, இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

மும்பை டாடா மெமோரியலில் டாக்டர் அனில் டி'க்ரூஸ் குழுவின் ஆய்வு 2015-ல் வெளியானது. ஆரம்ப நிலை வாய்ப்புற்று, கழுத்தில் நெறி தென்படாத 500 பேர். முதலிலேயே கழுத்து முடிச்சுகளை எடுத்தவர்களில் 3 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். 'வந்தா பாத்துக்கலாம்' என்று காத்திருந்தவர்களில் 67.5. இது பெட் ஸ்கேனைச் சோதித்த ஆய்வு அல்ல. ஆனால் காத்திருப்பதன் விலை என்ன என்று சொல்லிவிட்டது.

அப்போ பெட் வேஸ்டா? இல்லவே இல்லை. கழுத்தில் ஏற்கெனவே நன்றாகப் பரவி, கீமோவும் கதிர்வீச்சும் முடித்த 564 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2016-ல் வந்தது. சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து பெட் எடுத்துப் பார்த்த பிரிவில் கழுத்து ஆபரேஷன் 54 பேருக்குத்தான். எடுத்தே தீருவது என்ற பிரிவில் 221. உயிர் பிழைத்ததில் பெட் பிரிவு பின்தங்கவில்லை. அங்கே கத்தியைத் தவிர்க்க வைத்ததே பெட்தான்.

ஒரே ஸ்கேன், எப்போது எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. வெளியூரில் உட்கார்ந்து ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் படித்துத் தீர்ப்பு சொல்லும் நமக்குத்தான் இது உறைக்கணும். "ஏன் ஆபரேஷன்?" என்று சண்டைக்குப் போகாமல், "கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மாமனார் கையெழுத்துப் போட்டுவிட்டார். வியாழக்கிழமை ஆபரேஷன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. முடிவை உங்கள் டாக்டரோடு பேசி எடுங்கள்.